பாட்டி வந்தான்

“வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ மாட்ட. அங்க போயி ஊரான் பாத்ரூம் கழுவப் போறியாடா?”

குவாத்தமாலாவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். 29 வயது, நிலையான கணக்காய்வு வேலை, வீவக வீட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டிய நேரம். இந்த நேரத்தில் பத்து வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு தங்குவிடுதியில் தொண்டூழியம் செய்துகொண்டே ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்றால் எந்த அம்மாதான் கேட்க மாட்டார்?

“ஸ்பானிஷ் எதுக்கு? தமிழே ஒழுங்கா வரல” என்றார் அப்பா. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஏன் ஸ்பானிஷ் என்பதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. கையில் ஒரு மொழி இருந்தால் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவரை பெரும்பாலான நாடுகளில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஏன் குவாத்தமாலா என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். பேச்சு நிதானமானது, செலவும் குறைவு. நான் போனபோது வாரம் 20 மணி நேரப் பாடத்துக்கு ஏறத்தாழ 170 அமெரிக்க டாலர் கட்டினேன்.

நான் தங்கிய ஊர் அந்திகுவா. கரீபியன் தீவு அல்ல, குவாத்தமாலாவின் பழைய தலைநகரம். 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் சிதைந்துபோக, தலைநகரைத் தூக்கிக்கொண்டு இன்றைய குவாத்தமாலா சிட்டிக்குப் போய்விட்டார்கள். பின்தங்கிய ஊர் அப்படியே நின்றது. கூரை இழந்த தேவாலயங்கள், கல் பாவிய தெருக்கள், மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள். 1979இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சிங்கப்பூர் வெயிலுக்குப் பழகிய எனக்கு முதல் இரவே இரண்டு போர்வை தேவைப்பட்டது.

ஊரைச் சுற்றி மூன்று எரிமலைகள். ஒன்றின் பெயர் ஆகுவா, அதாவது தண்ணீர். இன்னொன்று ஃபுவேகோ, நெருப்பு. பெயருக்கேற்ற மலைதான் அது. நான் இருந்த நாள்களில் மணிக்குச் சில முறை உறுமிப் புகை கக்கியது. இரவில் விடுதி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் உச்சியில் சிவப்பாக ஒழுகுவது தெரியும். வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்குவோம். விடுதியில் சமையல் செய்த அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். 2018 ஜூன் 3ஆம் தேதி அது வெடித்தபோது மலையடிவாரக் கிராமங்களை மூடிவிட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நானும் படம் எடுப்பதை விட்டுவிட்டேன்.

ஏற்பாடு எளிமையானது. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி. மாலையில் விடுதி வேலை. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். பதிலுக்கு அடுக்குக் கட்டிலில் ஒரு மேல்தட்டு, காலை உணவு. படுக்கை விரிப்பு மாற்றுவது, வந்தவர்களைப் பதிவு செய்வது, குடிநீர்க் குடுவையை மாற்றி வைப்பது, அம்மா சொன்னதுபோலவே பாத்ரூம் கழுவுவது. கழிப்பறைத் தாளை உள்ளே போடாதீர்கள், பக்கத்திலுள்ள கூடையில் போடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதும் என் பொறுப்பு. நான் முதலில் தப்பில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முழு ஸ்பானிஷ் வாக்கியம் அதுதான்!

பள்ளியில் முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், நாடு, அதன் கீழே ‘லெங்குவா மத்தேர்னா’. தாய்மொழி. யோசிக்காமல் ‘ஆங்கிலம்’ என்று எழுதினேன்.

என் ஆசிரியை நாற்பது வயதுக்காரர். அங்கே ஆசிரியைகளை ‘செஞோ’ என்று அழைப்பார்கள், நம் ‘டீச்சர்’ மாதிரி. செஞோ படிவத்தைப் படித்துவிட்டு, “உங்கள் அம்மா உங்களிடம் ஆங்கிலத்திலா பேசுவார்?” என்று கேட்டார்.

“இல்லை, தமிழில். நான்தான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார். ஆங்கிலத்தை அடித்துவிட்டுத் ‘தமிழ்’ என்று எழுதினேன். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் தாய்மொழி என்றால் எனக்கு ஒரு தேர்வுத் தாள். அது அம்மாவின் மொழி என்று ஒரு வெளிநாட்டுப் படிவம் சொல்லித்தான் உறைத்தது.

முதல் வாரத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் கஃபே’. இதில் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’தான். ‘மே துவேலே லா கபேசா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. இங்கேயும் ‘எனக்கு’தான். பக்கத்து மேசைகளில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் இந்த ‘எனக்கு’ எங்கிருந்து வருகிறது என்று நாள்கணக்கில் திண்டாடினார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செஞோவுக்கு வியப்பு.

“எங்கள் மொழியிலும் அப்படித்தான்” என்றேன். ‘எங்கள் மொழி’ என்று சொன்னதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ‘கோமீ’ என்றால் போதும், சாப்பிட்டேன். யார் சாப்பிட்டது என்பது நம் ‘ஏன்’ விகுதி மாதிரி வினைக்குள்ளேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு ‘உஸ்தேத்’, நெருங்கியவர்களுக்குக் குவாத்தமாலாவில் ‘வோஸ்’. நீங்கள், நீ என்று வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சமையல் அம்மாவைப் பார்த்ததும் வாயில் தானாக உஸ்தேத் வந்துவிட்டது.

ஒலியிலும் அப்படித்தான். ‘பெரோ’ என்றால் ஆனால். அதே சொல்லில் ரகரத்தை உருட்டி அழுத்தினால் நாய். கரி, கறி என்று எங்கள் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதித் தொண்டை வறளக் கத்தியது ஞாபகம் வந்தது. ஸ்பானிஷ்காரர்கள் என் எழுத்தின் தலையில் ஒரு சுழி போட்டு எழுதுவது நம்முடைய ஞ. ‘ஆஞோ’ என்றால் ஆண்டு. அந்த ஞ-வை ன ஆக்கி வயதைச் சொன்னால், குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாத ஓர் உறுப்பு எனக்கு 29 இருப்பதாக ஆகிவிடும். வெள்ளைக்கார நண்பர்கள் பலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறும் ஞாபகமும் தெரிந்த எனக்கு அந்த ஆபத்து இல்லை.

விடுதியில் சில சொற்கள் எனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தன. மேசைக்கு ‘மேசா’. துவாலைக்கு ‘தோவாய்யா’. அலமாரிக்கு ‘அர்மாரியோ’. சப்பாத்துக்கு ‘சப்பாத்தோ’. கொடிக்கு ‘பந்தேரா’, மலாயில் பெண்டேரா. சட்டைக்கு ‘கமிசா’, மலாயில் கெமேஜா. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஸ்பானிஷின் உடன்பிறப்பான போர்ச்சுகீசு மொழி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி நம் கரைகளுக்கு வந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் பீரங்கியோடு மேசையையும் துவாலையையும் இறக்கிவிட்டுப் போனார்கள். பீரங்கி போய்விட்டது, துவாலை இன்னும் நம் வீட்டுக் கொடியில் காய்கிறது.

இப்படி எல்லாம் எளிதாக இருக்கிறது என்ற மிதப்பில் இருந்தபோதுதான் அந்த அதிகாலை வந்தது.

மூன்றாவது வாரம். டச்சு இளைஞர்கள் இருவர், எல்லை தாண்டி ஹோண்டுராஸிலுள்ள கோப்பான் மாயா இடிபாடுகளுக்குப் போக விடுதி வழியாக வேனில் இடம் பதிந்திருந்தார்கள். முந்தின நாள் மாலை வேன்காரர் தொலைபேசியில் நேரம் சொன்னார். ‘லாஸ் குவாத்ரோ தே லா மஞானா.’ குவாத்ரோ, நான்கு. மஞானா, நாளை. பெருமையாகக் கரும்பலகையில் எழுதினேன்: கோப்பான், நாளை, மணி நான்கு. டச்சுக்காரர்கள் மாலை நான்கு மணி என்று எண்ணிக்கொண்டு, நள்ளிரவுவரை சீட்டாடிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

இரவுப் பணி எனக்கு. விடிவதற்கு வெகுமுன் அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் வேன்காரர்.

“கோப்பானுக்கு இரண்டு பேர்.”

“இல்லை, மஞானா நான்கு மணி” என்றேன்.

“ஆமாம், மஞானா நான்கு மணிதான்.”

“இன்றைக்கு இல்லை, மஞானா!”

“ஆமாம் தம்பி, மஞானாதான்!” என்று கடிகாரத்தைக் காட்டினார்.

இருவரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, மற்ற விடுதிகளில் ஆள் ஏற்ற வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. மஞானா என்றால் நாளை. ‘லா மஞானா’ என்றால் காலை. அவர் நேற்றே சொன்னது விடிகாலை நான்கு.

அதுவரை நான் ஸ்பானிஷில் பேசியதெல்லாம் முகம் பார்த்து, கை கால் ஆட்டி. தொலைபேசியில் கை உதவாது. எண்ணை அழுத்தும்போதே வியர்த்துவிட்டது. “தப்பு என்னுடையது. அவர்களுடையது இல்லை. இரண்டு பேர். தயவுசெய்து. பத்து நிமிடம்.” வினையெல்லாம் விழுந்துவிட்டது, பெயர்ச்சொற்கள் மட்டும் மிஞ்சின. அந்தப் பக்கம் சற்று அமைதி. பிறகு, “பத்து நிமிடம். தெரு முனையில்” என்றார். மாடிக்கு ஓடி இருவரையும் உலுக்கி எழுப்பினேன். ஒருவன் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டேதான் வேனில் ஏறினான்.

காலை எட்டு மணிக்குச் செஞோவிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் குறிப்பேட்டை எடுத்து மூன்று வரி எழுதினார்: நாளை. காலை. நாளைக் காலை. “இனி வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள்” என்றார். பிறகு, தூக்கம் சரியாக இருக்காது என்று ஒரு கோப்பைக் காப்பி வாங்கித் தந்தார்.

இன்னொரு நாள், வழக்கமான “நேற்று என்ன செய்தீர்கள்?” கேள்விக்கு, வீட்டுக்குப் பேசினேன், பாட்டி களைப்பாக இருக்கிறார் என்று சொல்ல வந்தேன். ‘மி அபுவேலா எஸ்தா கன்சாதோ’ என்றேன். பெண்ணுக்கு ‘கன்சாதா’ என்று வர வேண்டும். தமிழில் வினைமுற்றில் வரும் ஆண், பெண் வேறுபாடு அங்கே பெயரடையில் வருகிறது. பாட்டியை ஆணாக்கிவிட்டேன்.

செஞோ நிறுத்தவில்லை. “அப்படியா, பாட்டி கன்சாதாவா? வயது என்ன?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் சொன்னதையே சரியாக்கி, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். தப்பு என்ற சொல்லே வரவில்லை.

எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது. காரணம் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா மகள் திருமண மண்டபம். வாசலில் பாட்டி வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியில் உள்ளே ஓடி, கூடியிருந்த சொந்தக்காரர்கள் நடுவே கத்தினேன்: “பாட்டி வந்துட்டான்!”

மண்டபமே சிரித்தது. மாமா ஒருவர் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினார். அடுத்த தீபாவளிக்கும் சொன்னார், அதற்கடுத்த பொங்கலுக்கும். “டேய் பாட்டி வந்தான், இங்க வாடா” என்று அதுவே என் பெயராயிற்று. யாருக்கும் என்மேல் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாம் பாசம்தான். ஆனால் ஒன்பது வயதுப் பையன் ஒரு முடிவு எடுத்தான். ஆங்கிலத்தில் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் பாட்டி தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மா நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்.

அதே தப்பை, அதே பாட்டியை வைத்து, உலகத்தின் மறுபக்கத்தில் வேறு ஒரு மொழியில் செய்தேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. பத்து வாரத்தில் நான் பேசத் தொடங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம். எனக்குத் திறமை கூடிவிடவில்லை.

சமையல் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகுவா மலைச் சரிவிலுள்ள சாந்தா மரியா தே ஹெசூஸ் கிராமத்திலிருந்து விடியற்காலை முதல் பேருந்தில் வருவார். கையால் நெய்த பூவேலைச் சட்டை. அவருடைய தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல, கக்சிகேல். குவாத்தமாலாவில் மாயா இன மக்களின் மொழிகள் மட்டும் 22 இருக்கின்றன. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மிக அதிகமாகச் செத்தவர்கள் அந்த மாயா மக்கள்தான்.

விடுதிப் பின்கட்டில் ‘பிலா’ என்று ஒரு சிமெண்டுத் தொட்டி. நடுவில் தண்ணீர், இரு பக்கமும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மேடை. பழைய கம்பத்து வீட்டில் பாட்டி துணி துவைத்த கல்லைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறார். அந்தத் தொட்டியடியில்தான் நானும் சமையல் அம்மாவும் பேசப் பழகினோம். ஒருநாள் சந்தையில் ஏலக்காய் கண்டேன். உலகிலேயே மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாக அங்கே போயிருக்கிறது. பெரும்பகுதி அரபு நாடுகளுக்குக் காப்பியில் போடப் போய்விடுகிறது. விளைகிற ஊரில் அதைச் சமையலில் போடுகிறவர்கள் அரிது. தட்டிப் போட்டு, பாலில் தேநீர் காய்ச்சிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்தத் தேநீர் நேரத்தில்தான் அவர் சொன்னார். ஏழு வயதில் பள்ளிக்குப் போனபோது ஒரு சொல் ஸ்பானிஷ் தெரியாதாம். தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்குமாம், கக்சிகேலில் பேசினால் அடியாம். “நானும் உங்களை மாதிரிக் கற்றுக்கொண்டவள்தான். அதனால்தான் உங்களிடம் மெதுவாகப் பேசுகிறேன்.”

அவருக்குத் தலைநகரில் வேலை பார்க்கும் மகன் இருக்கிறான். தினமும் அழைப்பான். அம்மா கக்சிகேலில் பேசுவார், மகன் ஒலிபெருக்கியில் ஸ்பானிஷில் பதில் சொல்வான். பாத்திரம் கழுவிக்கொண்டே நான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பழக்கமான உரையாடல்! ஒருநாள் துணிந்து கேட்டேன், “உங்களுக்கு வருத்தமாக இல்லையா?”

“அவனுக்குப் புரிகிறது” என்றார். “புரிகிறவன் என்றைக்காவது பதில் சொல்வான்.”

அன்று இரவு ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். நமக்கும் அவர்களுக்கும் 14 மணி நேர வேறுபாடு. சிங்கப்பூரில் மறுநாள் காலை ஒன்பது. அம்மாவை அழைத்து, “பாட்டிகிட்ட குடுங்க” என்று தமிழில் சொன்னேன். அம்மா ஒரு கணம் பேசவில்லை.

“சாப்பிட்டியாப்பா? அங்க சோறு கிடைக்குதா?”

“கிடைக்குது பாட்டி. நான் இங்க... பாத்திரம் கழுவுறேன். துணிகூட துவைக்கிறேன். கல்லுல.”

திக்கித் திக்கித்தான் பேசினேன். சொல் கிடைக்காத இடத்தில் நின்றேன். ஒரு முறை மலாய்ச் சொல் வந்தது, ஒரு முறை ஸ்பானிஷே வந்துவிட்டது. ஆனால் நிற்பதற்கு வெட்கப்படவில்லை. அந்த வெட்கத்தைத்தான் மூன்று வாரமாகச் செஞோவின் மேசையில் தினமும் நான்கு மணி நேரம் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேனே. பதினேழு நிமிடம் பேசினோம். இருபது ஆண்டில் அதுதான் பாட்டியும் நானும், நடுவில் ஆளில்லாமல் பேசிய மிக நீண்ட பேச்சு.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இளையர்கள் பெற்றோரிடம் காட்டவும் உதவும்.

முதலில், எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஓய்வு, பதிலுக்கு என்ன என்பதைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாரம் 20 முதல் 25 மணி நேரம் நியாயம். அதற்கு மேல் போனால் அது தொண்டூழியம் அல்ல, சம்பளமில்லாத வேலை. இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வேலையை உங்களுக்கு முன்னால் யார் செய்தார்கள்? உள்ளூர்ப் பெண் ஒருவரின் சம்பளத்தை மிச்சம்பிடிக்க உங்களை அழைக்கிறார்கள் என்றால் போகாதீர்கள். என் விடுதியில் சமையலுக்கும் துப்புரவுக்கும் சம்பளம் வாங்கும் உள்ளூர் ஆள்கள் இருந்தார்கள், நான் அவர்களுக்கு எடுபிடி.

விசா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கட்டிலுக்குப் பதில் வேலை என்பதையும் ‘வேலை’யாகவே பார்க்கும் நாடுகள் உண்டு. தூதரகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிக்கராகுவா மூன்றும் சேர்த்துத்தான் 90 நாள். பக்கத்து நாட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அனுமதி வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் இணையத்தில் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியர்களுக்கு முறையான விசாவே தேவை. மாட்ரிட் அல்லது மெக்சிகோ சிட்டி வழியையும் பாருங்கள்.

மொழி தெரியாமல் நேராக வரவேற்பு மேசையில் உட்காராதீர்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் படிப்பு, விரிப்பு மாற்றுவது, காய் நறுக்குவது போதும். நான்கு மணி வேனின் கதை உங்களுக்கும் வேண்டாம். எரிமலை ஏறுவதாக இருந்தால், உயர மலையேற்றமும் அடங்கும் பயணக் காப்புறுதி எடுங்கள். பக்கத்திலுள்ள அகத்தெனாங்கோ சிகரம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். எல்லாவற்றுக்கும் மேல், இலவசமாகத் தங்கலாம் என்ற ஒரே எண்ணத்தில் போகாதீர்கள். மாதக் கடைசியில் திரும்பி வர விமானச் சீட்டுக்கான பணம் தொடாமல் வங்கியில் இருக்க வேண்டும். இருந்தால் அம்மாவுக்கும் நிம்மதி.

பத்து வாரம் முடிந்து விடைபெற்ற அன்று, சமையல் அம்மாவிடம் கக்சிகேலில் நன்றி சொன்னேன். “மத்யோஷ்.” அவருடைய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல். உச்சரிப்பு எவ்வளவு கோணல் என்று தெரியாது. அவர் அதையே மெதுவாக, சரியாக எனக்குத் திருப்பிச் சொன்னார். நானும் இன்னொரு முறை சொன்னேன்.

திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. என் ஸ்பானிஷ் சுமார்தான். பேசப் பயமில்லாத அளவுக்குச் சுமார். பாத்ரூம் கழுவுகிறேனா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், சனிக்கிழமைதோறும். அம்மாவே சாட்சி.

போன மாதம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா மகனுக்கு ஆறு வயது. வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“தாத்தா வந்துட்டா!”

மாமா வாயைத் திறந்தார். சிரிப்பு வருவதற்கு முன் இருக்கும் அந்த அரை நொடி எனக்கு நன்றாகத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

“அப்படியா, தாத்தா வந்துட்டாரா? கையில என்ன கொண்டு வந்திருக்காரு, போய்ப் பாரு.”

ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

“தாத்தா வாழைப்பழம் கொண்டு வந்திருக்காரு!”